கன்டெம்ப்ட் என்றால் அவமதிப்பு மட்டும்தானா?

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்து ஒரு சிற்றிதழுக்குக் கொடுத்தேன். கணவன் தனக்கு வேலை போய்விட்டதை மனைவியிடம் சொல்கிறான், அவள் எதுவும் பேசாமல் அவனைப் பார்க்கிறாள், அந்தப் பார்வையில் 'கன்டெம்ப்ட்' இருந்தது என்று மூலத்தில் ஒரு வரி. அகராதியைப் பிரித்தேன். முதலில் கண்ணில் பட்டது அவமதிப்பு. "அவனை அவமதிப்போடு பார்த்தாள்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மெய்ப்புப் பார்த்த பெரியவர் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, அவ என்ன பண்ணா?"

"பார்த்தா ஐயா."

"பார்த்ததத் தவிர?"

"வேற ஒண்ணும் பண்ணலை."

"அப்புறம் அவமதிப்பு எங்கேருந்து வந்துச்சு? அவமதிப்புன்னா ஏதாவது செய்யணும். செருப்பால அடிக்கணும், சபையில வச்சுத் திட்டணும், வந்தவனுக்கு நாற்காலி போடாம இருக்கணும். இவ மனசுக்குள்ள என்னமோ நினைச்சுக்கிட்டுப் பார்க்கிறா. அந்த நினைப்புக்கு என்ன பேரு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல் எங்கே வந்தாலும் கொஞ்சம் நின்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவானது. நம் அகராதிகளும் செய்தித்தாள்களும் கன்டெம்ப்டுக்கு அவமதிப்பு என்று போட்டுப் போட்டு, அந்தச் சொல்லில் பாதியைத்தான் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. மீதிப் பாதிக்கும் தமிழில் அருமையான சொற்கள் உண்டு, ஆனால் அவை வீட்டிலும் தெருவிலும் கிடக்கின்றன, எழுத்துக்குள் வரக் கூச்சப்படுகின்றன.

அந்த மீதிப் பாதி, இளக்காரம். "ஏழைன்னா உனக்கு இளக்காரமா?", "நான் சொன்னா எல்லாருக்கும் இளக்காரம்தான்" என்று நாள்தோறும் புழங்குகிற சொல். ஒருவனை எடைபோட்டுப் பார்த்து, இவன் நமக்குக் கீழே, இவனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் தீர்மானித்துக்கொள்வது. அதை வெளியே காட்டினால் அவமதிப்பு. அது எதிராளிக்குள் போய் இறங்கினால் அவமானம். இளக்காரம் அவன் மனசில் இருக்கிறது, அவமதிப்பு அவன் செய்கையில் இருக்கிறது, அவமானம் என் வயிற்றில் இருக்கிறது. தமிழில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும்போது, ஆங்கிலத்தின் முதல் அறையில் இருப்பதை எடுத்துவந்து இரண்டாவது அறையில் வைத்துவிட்டோம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு பழைய கோர்ட் ஜோக் போதும். நீதிபதி பேசிக்கொண்டே இருக்கிறார், எதிரே நிற்கும் ஆள் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "இந்த நீதிமன்றத்தின் மேல் உமக்குள்ள கன்டெம்ப்டைக் காட்டுகிறீரா?" என்று நீதிபதி சீறுகிறார். "இல்லை ஐயா, அதை மறைக்கத்தான் இவ்வளவு நேரமாகப் படாத பாடு படுகிறேன்" என்கிறார் அவர். இதில் அவமதிப்பு என்று போட்டுப் பாருங்கள், ஜோக் செத்துவிடும், ஏனென்றால் செய்யாத அவமதிப்பை எப்படி மறைப்பது? இளக்காரம் என்று போட்டால் உயிர் வந்துவிடுகிறது. உள்ளே இருப்பதைத்தானே மறைக்க முடியும்.

சரி, சொல்லின் பூர்வீகம். லத்தீனில் 'தெம்னெரே' என்றால் மட்டமாக நினைப்பது, பொருட்படுத்தாமல் விடுவது. அதற்கு முன்னால் அழுத்தத்துக்காக 'கான்' என்ற முன்னொட்டு சேர்ந்து 'கான்தெம்னெரே' ஆகி, 14-ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதன் வினைச்சொல் இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது, அந்த இடத்தை 'டிஸ்பைஸ்' பிடித்துக்கொண்டது. டிஸ்பைஸின் லத்தீன் மூலத்துக்கு நேர்ப்பொருள் கீழ்நோக்கிப் பார்ப்பது என்பதுதான், உயரத்தில் நின்று குனிந்து பார்ப்பவனின் சித்திரம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர் உண்டு. 'ஸ்கார்ன்' கொஞ்சம் சத்தம் போடுகிற ஆள், வாய்விட்டு ஏளனம் செய்யும். 'டிஸ்டெய்ன்' சத்தமே போடாது, மூக்கைச் சற்றே உயர்த்திக்கொண்டு ஒதுங்கிப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில், நிதானமாக, குளிர்ந்துபோய் உட்கார்ந்திருப்பது கன்டெம்ப்ட்.

குளிர்ந்துபோய் என்று சும்மா சொல்லவில்லை. கோபம் சூடு, வெறுப்பும் சூடுதான். ஒருவன்மேல் வெறுப்பு இருந்தால் அவனை நினைத்துக்கொண்டே இருப்போம், தூக்கம் கெடும், அந்த அளவில் அவன் நமக்குச் சமமான ஆள்தான். இளக்காரம் வந்துவிட்டால் அவனைப் பற்றி நினைக்கவே மாட்டோம். ஆக்னெட்டா ஃபிஷர், ஐரா ரோஸ்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் கோபத்தையும் இளக்காரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கோபப்படுகிறவர்கள் அப்போதைக்குச் சண்டை போடுகிறார்கள், பிறகு சமாதானத்துக்கு வருகிறார்கள். இளக்காரம் உள்ளவர்கள் அந்த ஆளையே விலக்கிவிடுகிறார்கள். கிராமத்துப் பாட்டிகளுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும், "திட்டுறவரைக்கும் பாசம் இருக்குன்னு அர்த்தம்டி" என்பார்கள்.

ஆங்கிலம் எழுதுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதன் இரண்டு பெயரடைகள், 'கன்டெம்ப்சுவஸ்', 'கன்டெம்ப்டிபிள்'. முன்னது இளக்காரம் உள்ளவனுக்கு, பின்னது இளக்காரத்துக்கு உரியவனுக்கு. தமிழில் இகழும், இகழத்தக்க என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு நண்பர் தன் மேலதிகாரியின் பதில் அலட்சியமாக இருந்ததாகப் புகார் எழுதப்போய், 'கன்டெம்ப்டிபிள் ரிப்ளை' என்று அடித்து, ஆறு பேருக்கு நகல் வைத்து அனுப்பிவிட்டார். அலட்சியமான பதில் என்று சொல்ல வந்தவர், கேவலமான பதில் என்று சொல்லிவிட்டார். மேலதிகாரிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அப்புறம் என்ன, அடுத்த இரண்டு வாரம் அந்த அறையில் ஏசி போடாமலே குளிர்ந்தது.

இந்தப் பெயரடையை வைத்து வரலாற்றிலேயே ஒரு கூத்து நடந்திருக்கிறது. 1914 ஆகஸ்டில், முதல் உலகப்போரின் தொடக்கத்தில், பிரிட்டன் பிரான்சுக்கு அனுப்பிய படை மிகச் சிறியது. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஓர் உத்தரவில் அதைக் 'கன்டெம்ப்டிபிள்' குட்டிப் படை என்று சொன்னதாகப் பிரிட்டனில் செய்தி பரவியது. கேட்ட சிப்பாய்கள் கோபப்படுவதற்குப் பதிலாக அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டு, போருக்குப் பின் தங்களைப் 'பழைய கன்டெம்ப்டிபிள்கள்' என்று பெருமையோடு அழைத்துக்கொண்டார்கள், சங்கம்கூட வைத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படி ஓர் உத்தரவுக்கு ஜெர்மானிய ஆவணங்களில் ஆதாரம் அகப்படவே இல்லை. அவர் சொல்லியிருந்தாலும், இகழத்தக்க அளவுக்குச் சிறிய படை என்றுதான் சொல்லியிருப்பார், மொழிபெயர்ப்பில் அது இகழத்தக்க சிறிய படை ஆகிவிட்டது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஒரு சின்ன விகுதி இடம் மாறினால் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு மானத்தைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது.

அடுத்து முகம். 1872-இல் முகபாவங்களைப் பற்றி எழுதும்போது டார்வின் இந்த உணர்ச்சிக்கு ஓர் அத்தியாயத்தில் இடம் ஒதுக்கினார். பாதி மூடிய இமை, வேறு பக்கம் திரும்பும் கண், இந்த ஆள் பார்க்கக்கூடத் தகுதியில்லாதவன் என்று சொல்வதுபோல இருக்கிறது என்கிறார். நாம் "ஏறெடுத்தும் பார்க்கவில்லை" என்கிறோமே, அதுதான். 1986-இல் அமெரிக்காவின் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும், உதட்டின் ஒரு ஓரம் மட்டும் இறுகிச் சற்றே மேலே ஏறுவதுதான் கன்டெம்ப்டின் முகம், பல பண்பாடுகளிலும் மக்கள் அதை அடையாளம் காண்கிறார்கள் என்று அறிவித்தார்கள். அதற்குப் பெரிய எதிர்ப்பும் வந்தது. இதில் எனக்குப் பிடித்த பகுதி பின்னால் நடந்தது. டேவிட் மாட்சுமோட்டோவும் எக்மனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், சிக்கல் முகத்தில் இல்லை, சொல்லில்தான் என்று தெரியவந்தது. ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கே கன்டெம்ப்ட் என்ற சொல் சரியாகப் பிடிபடவில்லை, ஆனால் எந்த மாதிரிச் சூழ்நிலையில் அந்த முகம் வரும் என்று கேட்டால் சரியாகச் சொன்னார்கள். அகராதியோடு மல்லுக்கட்டியது நான் மட்டுமில்லை என்று ஆறுதலாக இருந்தது.

அந்த ஒருபக்கச் சிரிப்பைத் தொல்காப்பியர் பார்த்திருப்பார் என்றே தோன்றுகிறது. உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு பிறக்கும் நான்கு இடங்களைச் சொல்லும்போது "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று எள்ளலைத்தான் முதலில் வைக்கிறார். இகழ்கிறவனின் உணர்ச்சி அங்கே சிரிப்பின் கணக்கில் வருகிறது. இகழப்படுகிறவனின் உணர்ச்சியை இளிவரல் என்று தனி மெய்ப்பாடாகவே எடுத்து, மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று அதற்கும் நான்கு காரணம் சொல்கிறார். கவனித்தால், அவர் இகழ்கிறவனுக்குப் பெரிய இடம் கொடுக்கவில்லை. வயதாகி, நோய்ப்பட்டு, நொந்து, வலுவிழந்து நிற்பவன் தன்னைத் தாழ்வாக உணர்வதுதான் அவருக்குத் தனியாகக் கூறத்தக்கதாகப் பட்டிருக்கிறது.

முகபாவங்கள் எல்லாம் உலகப்பொதுவா என்ற சண்டை ஒருபக்கம் இருக்கட்டும், உடல்மொழியில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. ஆங்கிலத்தில் இளக்காரத்தின் அடையாளமாக அடிக்கடி வருவது கண்ணைக் கூரைப்பக்கம் உருட்டுவது. இதைத் தமிழில் "கண்ணை உருட்டினாள்" என்று எழுதினால் வாசகர் அவள் மிரட்டுகிறாள் என்று புரிந்துகொள்வார், பிள்ளைகளை அதட்டும்போதுதானே நாம் கண்ணை உருட்டுகிறோம். நம் பெண்களிடம் இதற்கென்றே ஓர் அசைவு இருக்கிறது. முகவாய்க்கட்டையைத் தோளில் ஒரு இடி இடித்து, கூடவே மூக்கால் "ம்க்கும்" என்று ஒரு சத்தம். அரை விநாடிதான். எதிராளியின் சம்பளம், சமையல், பிறந்தவீடு அத்தனையும் அந்த அரை விநாடியில் அடிபட்டுப்போகும். ஆண்களுக்கு இவ்வளவு கலைநயம் கிடையாது, உதட்டைப் பிதுக்குவதோடு சரி.

கண்ணை உருட்டுவதை நான் சொன்னதற்குக் காரணம் ஜான் காட்மன். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளைப் பேசவிட்டு, படம் பிடித்து, யார் பிரிகிறார்கள், யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்த உளவியலாளர். திருமணத்தைக் கெடுக்கும் பழக்கங்களில் நான்கை அவர் பெரிதாகச் சொல்கிறார்: ஆளின் குணத்தையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கெடுத்தாலும் தன் தரப்பு நியாயம் பேசுவது, சுவர்போல மௌனமாகிவிடுவது. இவற்றில் மணமுறிவை மிகவும் துல்லியமாக முன்கூட்டிக் காட்டுவது இளக்காரம்தான் என்கிறார். சண்டை போடுகிற ஜோடியைவிட, ஒருவர் பேசும்போது மற்றவர் உதட்டோரம் சிரிக்கிற ஜோடிதான் ஆபத்தில் இருக்கிறதாம். நெருங்கிப் பழகினால் இளக்காரம் பிறக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு, நம்மிடம் "பழகப் பழகப் பாலும் புளிக்கும்". ஆனால் நம் பழமொழி அலுப்போடு நின்றுவிடுகிறது, ஆங்கிலத்தில் உள்ளது அதைத் தாண்டி மதிப்பு போய்விடுவதைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைக்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

இப்போது கோர்ட்டுக்குப் போவோம், ஏனென்றால் தமிழ்நாட்டில் இந்த ஆங்கிலச் சொல்லைக் கேள்விப்பட்ட பெரும்பாலானவர்கள் அங்கேதான் கேள்விப்பட்டிருப்பார்கள். எங்கள் சித்தப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓய்வூதிய நிலுவைக்காக வழக்குப் போட்டு, ஜெயித்து, குறிப்பிட்ட வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று உத்தரவும் வாங்கிவிட்டார். வாரங்கள் மாதங்களாயின. அலுவலகத்துக்குப் போனால் "ஃபைல் மேல போயிருக்கு" என்ற பதில்தான். வக்கீல் சொன்னார், "விடுங்க சார், கன்டெம்ப்ட் போட்டுடலாம்." சித்தப்பாவுக்குத் தமிழாசிரியர் மூளை. "அவங்க யாரையும் அவமதிக்கலையே? ஒண்ணும் செய்யாம இருக்காங்க, அவ்வளவுதானே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்தியாவில் 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. நீதிமன்றத்தின் தீர்ப்பையோ உத்தரவையோ வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் விடுவது, கொடுத்த உறுதிமொழியை மீறுவது, இது உரிமையியல் வகை. நீதிமன்றத்தின் மாண்பைக் குலைக்கும்படி எழுதுவது, பேசுவது, வழக்கின் போக்கில் தலையிடுவது, இது குற்றவியல் வகை. தண்டனை அதிகபட்சம் 6 மாத வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடவும் வழி உண்டு. ஒரு வருடத்துக்குள் நடவடிக்கை தொடங்கிவிட வேண்டும், அதனால்தான் வக்கீல் அவசரப்பட்டார். செய்தித்தாள்களில் அடிபடுவது இரண்டாவது வகை, ஆனால் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு வேண்டியிருப்பது முதல் வகை. அரசு ஊழியர்கள் மத்தியில் "கன்டெம்ப்ட் போட்டாத்தான் அசைவாங்க" என்பது ஏறக்குறைய ஒரு பழமொழி.

முதல் வகைக்கு அவமதிப்பு என்ற சொல் ஒட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் பழந்தமிழ்ச் சொல் ஒன்று அச்சாகப் பொருந்துகிறது, அதைச் சித்தப்பாவே கண்டுபிடித்தார். "இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக" என்று பொச்சாவாமை அதிகாரத்தில் ஒரு குறள், 539. அங்கே இகழ்ச்சி என்றால் பிறரைத் தூற்றுவது இல்லை. மகிழ்ச்சியில் மயங்கித் தன் கடமையை மறந்துவிடுவது, அசட்டையாக விட்டுவிடுவது. இகழ்தல் என்ற ஒரே வினைக்கு மட்டமாக நினைப்பது, கவனிக்காமல் விடுவது என்ற இரண்டு பொருளும் இருந்திருக்கின்றன, லத்தீன்காரர்களின் சொல்லுக்கு இருந்ததுபோலவே. பொருட்படுத்தாதவன் மறக்கிறான், மறக்கிறவன் பொருட்படுத்தவில்லை என்று அர்த்தம். உத்தரவை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் அதிகாரி யாரையும் திட்டவில்லை, வெறுக்கவில்லை, இகழ்ந்திருக்கிறார். 'நீதிமன்ற இகழ்ச்சி' என்று ஆரம்பத்திலேயே வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும், இனிமேல் மாற்ற முடியாது, அரசாணைகளில் எல்லாம் அவமதிப்பு ஏறி உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது வகைக்கு ஒரு சங்கடமான பூர்வீகம் உண்டு. 1899-இல், செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்த ஒரு வழக்கில், காலனி வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டனின் பிரிவி கவுன்சில், நீதிமன்றத்தைப் பழித்துப் பேசியதற்காகச் சிறையில் அடைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் வழக்கொழிந்துவிட்டது என்றது. அதோடு விட்டதா? பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் சிறிய காலனிகளில், நீதிமன்றத்தின் மதிப்பைக் காக்க அது அவசியமாக இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. கன்டெம்ப்டைப் பற்றிய தீர்ப்பிலேயே எவ்வளவு கன்டெம்ப்ட் பாருங்கள். காலனிக்காரர்களுக்குத்தான் அது வேண்டும் என்று சொன்ன அடுத்த வருடமே, 1900-இல், பர்மிங்காமில் ஹவார்ட் கிரே என்ற பத்திரிகையாளர் நீதிபதி டார்லிங்கைக் குதிரைமுடி டோப்பாவுக்குள் இருக்கும் துடுக்குக்காரக் குட்டி மனிதர், அகந்தையும் வெற்று மண்டையும் திரண்ட சிற்றுருவம் என்கிற தோரணையில் எழுதி 100 பவுண்டு அபராதம் கட்டினார். ஆக, சொந்த ஊரிலும் வழக்கொழியவில்லை. கடைசியில் இங்கிலாந்தும் வேல்ஸும் 2013-இல்தான் இந்தக் குற்றத்தைச் சட்டத்திலிருந்து நீக்கின. நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

வைத்திருந்து என்ன செய்தோம் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட சி.எஸ். கர்ணனுக்கு 2017 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 6 மாதம் சிறை விதித்தது. பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் இப்படித் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அடுத்த மாதம், அவர் பணி ஓய்வு வயதை எட்டிய பிறகு, கோவைப் பக்கத்தில் கைது செய்யப்பட்டார். இன்னொரு முனையில் 2020 ஆகஸ்ட், வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு இரண்டு ட்வீட்டுகளுக்காக விதித்த அபராதம் 1 ரூபாய். கட்டத் தவறினால் 3 மாதம் சிறை, 3 வருடம் தொழில் செய்யத் தடை. கட்டிவிட்டார். ஒரே சட்டத்தில் 6 மாதமும் கிடைக்கிறது, 1 ரூபாயும் கிடைக்கிறது. இலங்கையில் இன்னும் கடுமை, நடிகரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ரஞ்சன் ராமநாயக்கவுக்கு 2021 ஜனவரியில் 4 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது, அடுத்த வருடம் ஆகஸ்டில் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார்.

சட்டமன்றங்களுக்கும் இதே அதிகாரம் உண்டு, தமிழில் நாம் அதை உரிமை மீறல் என்கிறோம். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டப்பேரவை 3 மாதக் கடுங்காவல் விதித்தது, கண்டனம் பெருகியதால் சில நாட்களிலேயே விடுதலை. பிறகு அவர் வழக்கு நடத்தி, தன்னைச் சிறைவைத்தது தவறு என்று நிறுவி 1,000 ரூபாய் நஷ்டஈடும் பெற்றார். தொல்காப்பியர் எள்ளலைச் சிரிப்பின் கணக்கில் சேர்த்தார் என்று மேலே சொன்னேன், பேரவை அதைக் குற்றத்தின் கணக்கில் சேர்த்தது.

இதுவரை பெயர்ச்சொற்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் தமிழில் இளக்காரம் காட்ட ஒரு பெயர்ச்சொல்லும் தேவையில்லை, விகுதி போதும். ஆங்கிலக்காரனுக்கு 'யூ' ஒன்றுதான், அதனால் அவன் குரலில் ஏற்ற வேண்டும், அல்லது பெயரடையைத் தேட வேண்டும். நமக்கு வினைமுற்றிலேயே வேலை முடிந்துவிடுகிறது. ஒரு வங்கியில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாஸ்புக். கவுன்ட்டரில் இருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு விரல்நுனியால் கண்ணாடிக்கு அடியில் திரும்பத் தள்ளினார். "அந்தப் பக்கம் போய் நில்லு." அடுத்து நான். "வாங்க சார், உட்காருங்க." திட்டவில்லை, கத்தவில்லை, புகார் எழுதினால் என்னவென்று எழுதுவது? நில்லு என்பதற்கும் உட்காருங்க என்பதற்கும் நடுவில் இருப்பது வெறும் இலக்கணம். அந்த அம்மா பாஸ்புக்கைத் திரும்பப் பையில் வைத்து, நாலு மடிப்பு மடித்து, அந்தப் பக்கம் போய் நின்றார்.

நிலத்துக்காரர் வீட்டுப் பொடியன் பண்ணையில் வேலை பார்க்கும் கிழவரை "வாடா" என்று கூப்பிட்டதும், அவர் அவனை "சின்னய்யா" என்றதும் ரொம்பப் பழைய கதை இல்லை. பெரியார் 1925-இல் தொடங்கிய இயக்கத்துக்குச் சுயமரியாதை என்று பெயர் வைத்ததற்கும், அவர் பேச்சில் திரும்பத் திரும்ப இழிவு என்ற சொல் வந்ததற்கும் பின்னால் இந்த இலக்கணமும் இருந்தது. "மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று கணியன் பூங்குன்றன் பாடிய அதே மொழியில்தான் இதுவும் நடந்தது. ஐ.நா. வரைக்கும் முதல் வரியைக் கொண்டுபோகிறோம், கடைசி வரியை வங்கிக் கவுன்ட்டர் வரைக்கும் கொண்டுபோகவில்லை.

ஒன்று விட்டுப்போச்சு. கன்டெம்ப்ட் எப்போதும் கெட்ட சொல் இல்லை. ஆபத்தின் மேல், சாவின் மேல் கன்டெம்ப்ட் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது வீரனுக்குப் புகழ்ச்சி. அங்கே அவமதிப்பைப் போட்டு "சாவை அவமதித்துப் போரிட்டான்" என்று எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார், இளக்காரமும் ஒட்டாது. அதற்கு நம் நிருபர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் தொடர் இருக்கிறது: "உயிரைத் துச்சமென மதித்து." துச்சம் என்றால் அற்பம், ஒன்றுமில்லாதது. ஒருவர் தீயில் குதித்துக் குழந்தையைத் தூக்கிவந்தால் இந்த வரி கட்டாயம் வரும். இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பு வேறு எந்த இடத்திலும் இந்தச் சொல்லுக்கு அமைந்ததில்லை, யாரும் மொழிபெயர்க்க உட்காராததால் அமைந்திருக்கலாம்.

அந்தச் சிறுகதைக்கு வருகிறேன். பெரியவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் யோசித்து, "இளக்காரமாப் பார்த்தாள்னு போடலாமா ஐயா?" என்றேன். "போடலாம். ஆனா அதுவும் நீ சொல்றது, அவ சொல்றதில்ல" என்றவர், என் வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் "அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்" என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "ஒருமுறை"யையும் அடித்தார்.

"மூலத்துல அடுத்து என்ன பண்றா?"

"சமையலறைக்குப் போய் ஒரு தட்டை எடுத்து உள்ள வச்சிடறா. ரெண்டு தட்டு போட்டு வச்சிருந்தா."

"அப்பப் போதும்" என்று தாளை என்னிடம் நீட்டினார்.